14 பேருக்கு ஒரே குத்தும் பேனா: ஊசியை மட்டும் மாற்றினால் போதுமா?

#1 — காவிரிக்கரைக் காப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். தஞ்சைப் பக்கத்தில் ஒரு சிறிய முதியோர் இல்லத்தின் நிர்வாகப் பொறுப்பை மூன்று மாதங்களுக்கு முன்பு ஏற்றுக்கொண்டேன். எனக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். இல்லத்தில் 26 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 14 பேருக்குச் சர்க்கரை நோய். அந்த 14 பேரில் 5 பேர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள்.

தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் பராமரிப்புப் பெண் ஓர் எவர்சில்வர் தட்டில் குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் டப்பா, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, விரலில் குத்தும் பேனா ஆகியவற்றை வைத்துக்கொண்டு, அந்த 14 பேருக்கும் சர்க்கரை பார்க்கக் கட்டில் கட்டிலாகச் செல்வார். ஒவ்வொருவருக்கும் பேனாவுக்குள் இருக்கும் ஊசியை மாற்றிவிடுகிறார். அதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் பேனா ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான். சென்ற வாரம் அந்தப் பேனாவின் மூடியைத் தற்செயலாகக் கழற்றிப் பார்த்தேன். உட்புற விளிம்பில் மிளகுத் தூள் ஒட்டியதைப் போலப் பழுப்பு நிறத்தில் சிறு புள்ளிகள் காய்ந்து கிடந்தன. அவை என்னவென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது; அன்றிலிருந்து மனம் சரியில்லை.

மருத்துவரிடம் கேட்பதற்கு முன்பு, இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்வதைக் கேட்க விரும்புகிறேன். ஊசி புதிதாக இருந்தால் போதாதா? இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், தொடர்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் பொறுப்பேற்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு பெரியவருக்கு மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி கொடுத்துக் குணமானதாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

#2 — வார்டு நினைவுகள்

ஐயா, நான் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்விக்கான பதில்: போதாது. அந்தப் பேனாவை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

ஏன் என்பதை, அந்தப் பேனா வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். வில்லின் விசையால் ஊசி முன்னால் பாய்ந்து விரலைத் துளைத்துவிட்டு, இரத்தம் பட்ட முனையோடு மூடிக்குள்ளேயே திரும்புகிறது. அந்த மூடியின் வாயைத்தான் நாம் விரலோடு அழுத்திப் பிடித்திருக்கிறோம். ஆகவே முதலாமவருடைய இரத்தத்தின் நுண்துளி மூடியின் உள்விளிம்பில் தங்குகிறது. அடுத்தவருக்கு ஊசி புதிது, ஆனால் அது பாய்ந்து வரும் வழி பழையது. அதோடு, பயன்படுத்திய ஊசியைப் பிடுங்கிய அதே விரல்களால்தான் புதிய ஊசியைச் செருகுகிறோம். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இரத்தம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி, காய்ந்துபோன இரத்தத்தில் குறைந்தது ஏழு நாட்கள் வரை தொற்றும் திறனோடு இருக்கும். எச்ஐவியைப் போல வெளியே வந்தவுடன் வலுவிழக்கும் கிருமி அல்ல அது.

விரலில் குத்தும் பேனாவை ஒருவருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1990ஆம் ஆண்டிலிருந்தே சொல்லி வருகிறது. இதை நான் பணிக்குச் சேர்ந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

#3 — மருந்துக்கடை மேசை

எதிர்க்கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். 22 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறேன். கடை மேசையிலேயே சர்க்கரை பார்த்துக் கொடுக்கிறேன். ஆளுக்கொரு புது ஊசி, ஆளுக்கொரு ஸ்ட்ரிப் என்பதை ஒழுங்காகக் கடைப்பிடித்து வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட "உன் கடையில் சர்க்கரை பார்த்ததால் எனக்கு நோய் வந்தது" என்று வந்து நின்றதில்லை. நடைமுறையில் ஒன்றும் நடக்காத ஒரு விஷயத்துக்காக முதியவர்களைப் பயமுறுத்தினால், அவர்கள் சர்க்கரை பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். அதனால் வரும் கேடு இதைவிடப் பெரியது.

#4 — கரோலினா வாசி

மருந்துக்கடை நண்பருக்கு: "ஒன்றும் நடக்கவில்லை" என்பதும் "எனக்குத் தெரியவில்லை" என்பதும் ஒன்றல்ல. நான் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் முதியோர் பராமரிப்பில் பணியாற்றுகிறேன். இங்கே புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நடக்கும் பயிற்சியில், 2010ஆம் ஆண்டு இதே மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்வை விரிவாகச் சொல்வார்கள்.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான மூன்று மாதங்களில், ஒரே முதியோர் குடியிருப்பைச் சேர்ந்த எட்டுப் பேருக்குத் தீவிர ஹெபடைட்டிஸ் பி தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. எட்டுப் பேருமே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆறு பேர் இறந்துபோனார்கள். எட்டுப் பேரையும் இணைத்த இழை ஒன்றுதான்: அனைவருக்கும் பணியாளர்கள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டுமே உரிய குத்தும் பேனாவைப் பலருக்குப் பயன்படுத்தியதும், குளுக்கோமீட்டரை ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் சுத்தம் செய்யாததும் விசாரணையில் வெளிவந்தன. அந்தப் பணியாளர்களில் யாரும் கொடியவர்கள் அல்லர். எல்லோரும் உங்கள் பராமரிப்புப் பெண்ணைப் போல, காலையில் கட்டில் கட்டிலாகப் போனவர்கள்தாம்.

அது தனி நிகழ்வும் அல்ல. 2003, 2004ஆம் ஆண்டுகளில் மிசிசிப்பி, வட கரோலினா, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று இடங்களிலும் முதியோர் காப்பகங்களில் இதே வழியாக இதே கிருமி பரவியது. 2009க்கும் 2011க்கும் இடையில் வர்ஜினியாவிலும் நடந்தது. ஒருவருக்குத் தீவிர ஹெபடைட்டிஸ் பி வந்தால் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இங்கே இருப்பதால், இரண்டாவது நோயாளி வந்தவுடன் விசாரணை தொடங்குகிறது. நம் ஊரில் அப்படியொரு இரண்டாவது நோயாளியை முதலாமவரோடு சேர்த்துப் பார்க்கப்போகிறவர் யார்?

#5 — ஆய்வகத்தான்

கரோலினா நண்பர் கேட்ட கேள்விக்கு ஆய்வகப் பணியாளனாக என் பங்கைச் சொல்கிறேன், ஏனெனில் இந்த விவாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஹெபடைட்டிஸ் பி உடலுக்குள் நுழைந்த பிறகு நோய்க்குறிகள் தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து மாதங்கள் ஆகும். தை மாதத்தில் கடை மேசையில் விரலைக் கொடுத்தவருக்குச் சித்திரையில் கண் மஞ்சளாகும். அப்போது அவர் எதை நினைப்பார்? சென்ற வாரம் திருவிழாவில் குடித்த தண்ணீரை நினைப்பார். கல்யாணச் சாப்பாட்டை நினைப்பார். மஞ்சள் காமாலை என்றாலே தண்ணீரால் வருவது என்று நமக்குப் பதிந்திருக்கிறது. ஏ, ஈ வகைகளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் பி, சி வகைகள் இரத்தத்தின் வழியாகப் பரவுபவை. அதிலும் பெரியவர்களில் கணிசமானவர்களுக்குக் கண் மஞ்சளாவதே இல்லை; நான்கு நாள் அசதி, பசியின்மை என்று கடந்துபோய்விடும். இப்படி இருக்கும்போது யார் மருந்துக்கடைக்கு வந்து முறையிடப்போகிறார்கள்?

கீழாநெல்லியைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு, ஏனெனில் நம் வீடுகளில் கதை அங்கேதான் முடிந்துபோகிறது. கீழாநெல்லி ஹெபடைட்டிஸ் பி கிருமியைப் போக்குகிறதா என்பதைச் சென்னையில் முறையாகவே ஆராய்ந்தார்கள். அக்கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவுகள் 1988ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தபோது மிகுந்த நம்பிக்கை பிறந்தது. பின்னர் மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் அந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொற்று தானாகவே தணிந்துவிடும். பெருமை அந்த வாரம் குடித்த சாற்றுக்குப் போய்விடும். கீழாநெல்லி குடித்ததால் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. காமாலை இறங்கிவிட்டது என்று இரத்தப் பரிசோதனையைச் செய்யாமல் விடுவதுதான் கெடுதல்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022இல் இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி தொற்றோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 3 கோடிப் பேர். சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. இந்த இரண்டு கூட்டங்களும் ஒரே மேசையில் விரலை நீட்டுகின்றன என்பதை மட்டும் எண்ணிப்பாருங்கள்.

#6 — ஓய்வூதியர் தம்பதி

நல்ல விவாதம். எங்கள் வீட்டுக் கேள்வி ஒன்று உண்டு. எனக்கும் என் மனைவிக்கும் சர்க்கரை. ஒரு கருவி, ஒரு பேனா. சிக்கனத்துக்காக ஊசியையும் ஒரு வாரத்துக்கு மாற்றுவதில்லை. திருமணமாகி 43 ஆண்டுகள் ஆகின்றன. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வர வேண்டிய எல்லாம் ஏற்கெனவே வந்திருக்கும் என்று என் மனைவி சொல்கிறார். நாங்களும் மாற வேண்டுமா?

#7 — வார்டு நினைவுகள்

உங்கள் மனைவியின் வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனாலும் மாறத்தான் வேண்டும். ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இதுவரை வராமல் இருக்கலாம். தம்பதியரில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு பேனா வாங்கிக்கொள்ளுங்கள், நிறம் வேறாக இருந்தால் நல்லது. ஒருவர் குத்திய ஊசியை மற்றவர் தொடவே கூடாது. குளுக்கோமீட்டர் நேரடியாகத் துளைப்பதில்லைதான். ஆனாலும் கருவியின் மேல் விரல் படும், துளி சிந்தும். ஆகையால் இரண்டு இருந்தால் நிம்மதி.

உண்மையில் உங்கள் வீட்டில் நான் அஞ்சுவது உங்கள் இருவரையும் அல்ல, விருந்தாளிகளை. வீட்டில் கருவி இருக்கிறது என்று தெரிந்தால், வந்த மச்சினர் முதல் பக்கத்து வீட்டு அத்தை வரை, "எனக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியட்டும்" என்று விரலை நீட்டுவார்கள். ஒரு வளைகாப்பு வீட்டில் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று தாத்தாவின் பேனாவில் குத்திக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். முகம் கோணாமல் மறுப்பது கடினம்தான். ஆகவே ஒருமுறை குத்தியதும் தானே உள்வாங்கிப் பூட்டிக்கொள்ளும் வகை ஊசிகளில் பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பாளர் ஐயா, உங்கள் முதல் பதிவின் கடைசி வரியை மறுபடி படித்தேன். காமாலை வந்த அந்தப் பெரியவர் சர்க்கரை நோயாளியா? அவருக்கும் அந்தத் தட்டு போயிற்றா?

#8 — மருந்துக்கடை மேசை

நேற்று இரவு கடையை அடைத்த பிறகு, என் பேனாவின் மூடியையும் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். அதற்கு மேல் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

ஒரு வியாபாரியாகச் சில பயனுள்ள தகவல்களைச் சொல்கிறேன். கடைகளில் இரண்டு வகை ஊசிகள் கிடைக்கின்றன. பேனாவுக்குள் செருகும் சாதாரண ஊசி மலிவானது. அது வீட்டில் தனியொருவருக்கு. தானே பூட்டிக்கொள்ளும் ஊசிக்குப் பேனாவே தேவையில்லை. விலை கூடுதல்தான், ஆனாலும் பெட்டியாக வாங்கினால் ஓர் ஊசி ஒரு தேநீரைக் காட்டிலும் குறைவாகவே விழும். இல்லங்களும் முகாம்களும் கடைகளும் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். பேனா எங்கே இருக்கிறதோ அங்கே அதைப் பகிரும் ஆசையும் இருக்கும். பேனாவே இல்லையென்றால் பகிர்வதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்று: விரலில் குத்துவதையும் "பேனா" என்கிறோம், இன்சுலின் போடுவதையும் "பேனா" என்கிறோம். "பேனாவுக்கு ஊசி கொடுங்கள்" என்று கேட்டு வருபவர்களுக்குத் தவறான பெட்டியைக் கொடுத்து அனுப்பிய நாட்கள் உண்டு. ஆகவே இந்த இழையில் "குத்தும் பேனா", "இன்சுலின் பேனா" என்று பிரித்து எழுதினால் படிப்பவர்கள் குழம்பமாட்டார்கள்.

#9 — இரவுப்பணி

இன்சுலினைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. நான் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் இரவுப்பணி செவிலியராக இருந்தவள். ஊரையும் பெயரையும் சொல்லப்போவதில்லை.

எங்கள் வார்டுக் குளிர்சாதனப் பெட்டியில் எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாக ஓர் இன்சுலின் குப்பி இருக்கும். பணிக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் மூத்த செவிலியர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்னவென்றால், ஒரே சிரிஞ்சை வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் மாற்றி அடுத்தவருக்குப் போடலாம் என்பது. ஊசி போடும்போது இரத்தம் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சிரிஞ்சுக்குள் வரக்கூடும். அதே சிரிஞ்சைத் திரும்பக் குப்பிக்குள் நுழைத்தால் குப்பி முழுவதுமே மாசுபடும். பிறகு அந்தக் குப்பியிலிருந்து புத்தம்புதுச் சிரிஞ்சால் எடுத்தாலும் பயனில்லை. இதை நான் ஒரு பயிற்சி வகுப்பில் தெரிந்துகொண்டபோது, அதற்கு முந்தைய பதினோரு மாத இரவுகள் கண்முன் வந்து நின்றன. அந்த நோயாளிகளைத் தேடிப்போய்ச் சொல்ல வழியும் இல்லை. சொல்லும் துணிவும் அப்போது இல்லை.

இன்சுலின் பேனாவிலும் இதே பொறிதான். பலர் "ஊசி தனித்தனியாகத்தானே திருகுகிறோம்" என்பார்கள். பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குழாய்க்குள் நோயாளியின் இரத்தமும் செல்களும் பின்னோக்கிப் புகுவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரிலுள்ள ஒரு ராணுவ மருத்துவமனையில், இன்சுலின் பேனாக்களை ஊசி மட்டும் மாற்றிப் பல நோயாளிகளுக்குப் பயன்படுத்தியது தெரியவந்ததும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அழைத்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பல முறைக்கான மருந்தை அடக்கிய பேனா ஒவ்வொன்றிலும் "ஒரு நோயாளிக்கு மட்டும்" என்று அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது.

எனவே காப்பாளர் ஐயா, உங்கள் ஐந்து பேருக்கும் ஐந்து குப்பி அல்லது ஐந்து பேனா. ஒவ்வொன்றிலும் பெயரும் திறந்த தேதியும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒருவருக்குத் தீர்ந்துவிட்டது என்று இன்னொருவருடையதைக் "கடன்" வாங்கும் பழக்கம் எல்லா இல்லங்களிலும் உண்டு. அதை முதலில் நிறுத்துங்கள்.

#10 — பூங்கா நடையர்

காலையில் நான் நடக்கும் பூங்காவின் வாசலில் மாதம் ஒருமுறை இலவசச் சர்க்கரைப் பரிசோதனை நடக்கிறது. கையுறை போட்டுக்கொண்டுதான் பார்க்கிறார்கள் என்று இதுவரை திருப்தியோடு இருந்தேன். இந்த இழையைப் படித்த பிறகு இன்று நின்று கவனித்தேன்: நாற்பது பேருக்கு ஒரே கையுறை. கையுறை யாரைக் காக்கிறது என்று கேட்டேன். பரிசோதனை செய்துகொண்டிருந்த இளைஞர் சற்று யோசித்துவிட்டு, "என்னை" என்றார். நேர்மையான பதில்.

#11 — ஆய்வகத்தான்

அந்த இளைஞர் சொன்னது சரி. கையுறையை ஒவ்வொருவருக்கும் இடையில் கழற்றி எறிந்து, கையைக் கழுவி, புதிதாகப் போட்டுக்கொண்டால்தான் அது எதிரில் இருப்பவரையும் காக்கும்.

கருவியைச் சுத்தம் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலோர் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். விரலைத் துடைக்க ஸ்பிரிட் போதும். ஆனால் 70 விழுக்காடு ஆல்கஹால், கருவியின் மேல் ஒட்டிய இரத்தத்திலுள்ள இந்த வைரஸ்களுக்கு நம்பத்தக்கது அல்ல. பிளீச்சிங் கரைசல் கிருமியைக் கொல்லும், ஆனால் கருவியையும் அரித்துவிடக்கூடும். ஆகவே கருவியோடு வரும் கையேட்டில் எந்தத் துடைதாள், எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அதையே பின்பற்ற வேண்டும். முதலில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கைத் துடைப்பது, பிறகு இன்னொரு தாளால் கிருமி நீக்குவது என இரண்டு படிகள். கையேட்டில் எதுவுமே சொல்லப்படவில்லை என்றால், அது தனியொருவர் வீட்டுக்காகச் செய்யப்பட்ட கருவி; அதைப் பகிரக் கூடாது.

ஸ்ட்ரிப் டப்பாவையும் மறந்துவிடாதீர்கள். இரத்தம் பட்ட கையுறையோடு டப்பாவுக்குள் விரலை விட்டு அடுத்த ஸ்ட்ரிப்பை எடுப்பதை நான் எல்லா முகாம்களிலும் பார்க்கிறேன்.

#12 — குப்பைமேட்டு மகன்

என் தாயார் நகராட்சியில் தூய்மைப் பணியாளர். இத்தனை பேர் நோயாளியைப் பற்றியும் செவிலியரைப் பற்றியும் பேசினீர்கள். ஊசி அதற்குப் பிறகு எங்கே போகிறது என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பால் கவருக்குள் சுருட்டி, மீன் முள்ளோடும் காய்கறித் தோலோடும் சேர்த்துப் போட்ட இன்சுலின் ஊசி இரண்டு முறை அம்மாவின் உள்ளங்கையில் ஏறியிருக்கிறது. முதல் முறை அவர் காயத்தை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ஊசி குத்தினால் செய்ய வேண்டியது இதுதான்: ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்; பிதுக்கவோ உறிஞ்சவோ கூடாது; உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்ஐவிக்கான தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாட்கள் சாப்பிட வேண்டியிருக்கும். தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தடுப்பூசி போடாதவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும், தேவைப்பட்டால் கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 1097 என்ற இலவச எண்ணில் வழி கேட்கலாம். தொற்றுள்ளவரின் இரத்தம் தோய்ந்த ஊசி குத்தினால், எச்ஐவி வருவது ஏறத்தாழ ஆயிரத்துக்கு மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி வருவது நூற்றுக்கு ஆறு முதல் முப்பது வரை. எல்லோரும் முதலாவதைக் கண்டே நடுங்குகிறார்கள்.

ஊசியைப் போடுவதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. துணி துவைக்கும் திரவமோ தரை துடைக்கும் திரவமோ வந்த கெட்டியான பிளாஸ்டிக் புட்டி போதும். தண்ணீர் புட்டி மெல்லியது, ஊசி துளைத்துவிடும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, ஒட்டி, "ஊசி" என்று பெரிதாக எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் சேரும் ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின. மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலும் சேர்க்கக் கூடாது. உங்கள் மருத்துவமனையோ ஆய்வகமோ வாங்கிக்கொள்ளுமா என்று கேளுங்கள். வாங்க மறுத்தால், குறைந்தது தூய்மைப் பணியாளரின் கையில் நேராகக் கொடுத்து, உள்ளே இருப்பது என்னவென்று வாயால் சொல்லுங்கள்.

#13 — ஓய்வூதியர் தம்பதி

குப்பைமேட்டு மகனுக்கு: உங்கள் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பால் கவரில் சுருட்டிப் போடுவது எங்கள் வீட்டிலும் நடந்தது. உங்கள் தாயாரிடம் எங்கள் வருத்தத்தைத் தெரிவியுங்கள்.

#14 — காவிரிக்கரைக் காப்பாளர்

செவிலியர் அம்மா கேட்ட கேள்விக்கு: ஆம், காமாலை வந்த பெரியவரும் அந்த 14 பேரில் ஒருவர்தான். எங்கள் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் 14 பேருக்கும், அவர்களுடைய சம்மதத்தைத் தனித்தனியாகப் பெற்று, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார். மூன்று பேர் முதலில் மறுத்தார்கள். "இந்த வயதில் எனக்கு எதற்கு அந்தப் பரிசோதனை, என் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்" என்பதுதான் காரணம்.

இடையில் ஒரு சங்கடம். செய்தி சமையலறைக்குப் போய்விட்டது. முடிவு வருவதற்கு முன்பே, காமாலை வந்தவரின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். அவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

#15 — வார்டு நினைவுகள்

டம்ளரைத் திரும்ப மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள், அதுவும் எல்லோரும் பார்க்கும்படி. இந்தக் கிருமிகள் உணவாலோ, தட்டாலோ, தொட்டுப் பேசுவதாலோ பரவுவதில்லை. பிரித்து வைக்க வேண்டியவை குத்தும் ஊசி, இன்சுலின், சவரக் கத்தி, நகவெட்டி, பல்துலக்கி. நாவிதர் மாதம் ஒருமுறை வருவார் என்றால் அவருடைய பிளேடையும் கவனியுங்கள்.

மறுப்பவர்களிடம் முடிவு யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுத்து, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். தொற்று இருப்பது தெரிந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி வகையைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம்.

தொற்று இல்லாதவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுவிடுங்கள்: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணை. நம் நாட்டில் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுவதும் சேர்ந்ததே 2011 வாக்கில்தான். ஆகையால் இன்றைய முதியவர்களில் தாமாகத் தேடிப் போட்டுக்கொண்டவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டிலேயே, சர்க்கரை நோய் உள்ள 19 முதல் 59 வயது வரையிலான அனைவருக்கும் இதைப் பரிந்துரைத்துவிட்டார்கள். அறுபதைக் கடந்தவர்களுக்கு மருத்துவரின் முடிவுக்கு விட்டார்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் தடுப்பூசி சற்றுக் குறைவாகவே பிடிக்கும்; எனவே கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவு லிட்டருக்கு 10 அலகைத் தொட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சி வகைக்கும் எச்ஐவிக்கும் தடுப்பூசி இல்லை. ஆகவே ஊசி போட்டாயிற்று என்று பழைய பேனாவைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள்.

#16 — காவிரிக்கரைக் காப்பாளர்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். மறுத்த மூவரில் இருவர் பின்னர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

காமாலை வந்த பெரியவரின் இரத்தத்தில் இப்போது ஹெபடைட்டிஸ் பி கிருமி இல்லை. ஆனால் அது வந்துபோனதற்கான அடையாளம் இருக்கிறது. வேறொருவருக்கு, எந்த நோய்க்குறியும் இல்லாமல், கிருமி இருப்பது தெரியவந்திருக்கிறது. அவருக்கு எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, அவரிடமிருந்துதான் மற்றவருக்குப் போயிற்றா, தட்டின் வழியாகத்தான் போயிற்றா என்று கேட்டேன். இந்தப் பரிசோதனைகளை வைத்து அதைச் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தொற்று உள்ளவர் அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பதிவு செய்துகொண்டார். மற்றவர்களுக்கு முதல் இரண்டு தவணை போட்டாயிற்று.

எவர்சில்வர் தட்டு இப்போது சமையலறையில் வெற்றிலை பாக்கு வைக்கப் பயன்படுகிறது. கணக்கைப் பார்த்து, 14 பேருக்கும் தனித்தனியாகக் குளுக்கோமீட்டர் வாங்கிவிட்டோம். ஒவ்வொன்றும் பெயர் எழுதிய ஒரு சுருக்குப் பையில் அவரவர் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது. குத்துவதற்குத் தானே பூட்டிக்கொள்ளும் ஊசி மட்டும்தான். பராமரிப்புப் பெண்ணுக்குக் காலை வேலை அரை மணி நேரம் கூடியிருக்கிறது, அதற்குச் சம்பளத்தையும் கூட்டியிருக்கிறோம். அவர் முதல் வாரம் என்னோடு பேசவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தான் செய்ததைக் குற்றமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். வட கரோலினா நிகழ்வைச் சொல்லி, அங்கே வேலை பார்த்தவர்களும் கொடியவர்கள் அல்லர் என்று விளக்கினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "எனக்கும் அந்த ஊசி போடுவீர்களா, சார்?" என்பது. அவருடைய மூன்றாம் தவணை கார்த்திகையில் வருகிறது.